பதினேழாவது பெயர்

அந்தப் பெயரை அழித்தவன் நான்தான்.

கணினி அழிக்கவில்லை. தானாகவும் அழியவில்லை. என் வலது கை ஆள்காட்டி விரல் அழித்தது. பட்டப்பகலில், நல்ல நினைவோடு, பக்கத்தில் ஒரு டம்ளர் காப்பியை வைத்துக்கொண்டு அழித்தேன். ஊரில் நான் வேறு கதை சொல்லியிருக்கிறேன். உண்மையை இப்போதுதான், உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன். உங்களுக்கு என்னைத் தெரியாது... அந்த ஒரு தைரியம்தான்!

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அனுமந்தன்பட்டிப் பக்கம் எங்கள் வாய்க்காலுக்கு ஒரு விவசாயிகள் சங்கம் உண்டு, அதற்குச் செயலாளர். இரண்டாம் போகத்தில் ஆற்றில் தண்ணீர் குறைந்துவிட்டால் முறை வைப்போம். இன்ன வயலுக்கு இன்ன நாள், இன்ன நேரம் தண்ணீர் என்று நாற்பத்திரண்டு பெயர்கள் கொண்ட பட்டியல். அதைத் தயாரிப்பது என் வேலை. அதைப் பார்த்து மடை திறப்பது கருப்பையாவின் வேலை. பட்டியலில் பெயர் இல்லாத வயலுக்கு எக்காரணம் கொண்டும் மடை திறக்கக் கூடாது என்பது சங்கத்தின் தீர்மானம்.

அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? சவரிமுத்து! பட்டியலில் பதினேழாவது பெயர். நான் அழித்த பெயர்.

ஏன் அழித்தேன் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

என் மனைவி இறந்தபோது எங்கள் ஒரே மகள் ரீத்தாவுக்கு ஒன்பது வயது. ஒற்றை ஆளாக அவளை வளர்த்தேன். சடை பின்னக் கற்றுக்கொண்டேன். மீன் குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டேன். அவள் படித்து, வேலைக்குப் போய், குமுளிக்காரன் அனீஷைப் பதிவாளர் அலுவலகத்தில் மணந்துகொண்டாள். முதலில் எனக்கும் கோபம்தான். பிறகு அவன் நல்லவன் என்று கண்டுகொண்டேன். அது எங்கள் வீட்டுச் சங்கதி. அதோடு முடிந்திருக்க வேண்டும்!

முடியவில்லை. அந்த வருடச் சங்கக் கூட்டத்தில் ஏதோ ஒரு வரப்புத் தகராறு. பேச்சு என் பக்கம் திரும்பியது. சவரிமுத்து எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பெத்த மகளுக்கு வரப்புக் கட்டத் தெரியாத மனுசன்... இவுகதான் ஊருத் தண்ணிக்கு முறை வைக்கிறாகளாம்!"

நாற்பது பேர் சிரித்தார்கள். என்னிடம் படித்தவர்கள்கூடச் சிரித்தார்கள். நான் குனிந்து காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பதில் சொல்லவில்லை. அன்று சொல்லியிருந்தால் இன்று உங்களிடம் இதைச் சொல்ல வேண்டி வந்திராது.

மூன்று வருடம் அந்தச் சிரிப்பு என் காதிலேயே கிடந்தது. ஞாயிறு திருப்பலியில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் சவரிமுத்து திரும்பி எனக்குக் கை கூப்புவார். நானும் கூப்புவேன். கூப்பிய கைக்குள் என்ன இருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

போன மாசியில் ரீத்தா எனக்கொரு புது மடிக்கணினி வாங்கிவந்தாள். என்னிடம் இருந்த பழையதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அம்மிக்கல்! சங்கக் கட்டடத்துக்குத் தூக்கிப் போனால் இரண்டு நாள் தோள் வலிக்கும். மடியில் வைத்தால் வேட்டிக்குள் தொடை வேகும். உள்ளே விசிறி ஓடத் தொடங்கினால் பக்கத்து வீட்டில் ரைஸ்மில்லா என்று கேட்பார்கள். கரண்ட் போனால் அதுவும் போய்விடும்.

புதியதைப் பெட்டியோடு கையில் கொடுத்தபோது, "ஆத்தா, உள்ள சாமான வைக்க மறந்துட்டாகளோ?" என்றேன். ரீத்தா விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு பள்ளிக்கூடச் சிலேட்டின் கனம்தான் இருந்தது. மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் போனால், பை இருக்கிறதா என்று வழியில் நான்கு தடவை தடவிப் பார்ப்பேன். சத்தமே கிடையாது, ஓடுகிறதா என்று காதை வைத்துக் கேட்டிருக்கிறேன். என் பழைய பென்டிரைவ் அதன் எந்தப் பொந்திலும் நுழையவில்லை. அதற்கென்று ஒரு குட்டி வயரையும் ரீத்தா தந்தாள். விரலை வைத்தால் திறக்கும் என்றாள். முப்பது வருடம் சாக்பீஸ் பிடித்துத் தேய்ந்த ரேகை... அது என்னை யாரென்றே ஒப்புக்கொள்ளவில்லை! ஏழெட்டு தடவை அழுத்தி அழுத்தித்தான் என் விரலை அது நம்பியது.

இரண்டு நாள் தங்கிப் பழையதில் இருந்த அத்தனையையும் புதியதற்கு மாற்றினாள். பட்டியலைத் திறந்து, வரி வரியாக விரல் வைத்து, இரண்டிலும் ஒப்பிட்டாள்.

"நாப்பத்திரண்டும் இருக்கு அப்பா. நீங்களும் ஒருக்க பாத்துக்கங்க."

பார்த்தேன். இருந்தது. நாற்பத்திரண்டும் இருந்தது!

அவள் குமுளிக்குப் போன மறுநாள் காலையில் சவரிமுத்து வீட்டுக்கு வந்தார். அவர் மனைவிக்கு மதுரையில் ஆபரேஷன். பத்து நாளாவது ஆகுமாம். முகம் வாடியிருந்தது.

"எம் முறை இந்தச் சுத்துலதான வருது வாத்தியாரே? பயிரு கதிர் வாங்குற நேரம். கருப்பையாகிட்டச் சொல்லிக் கொஞ்சம் பாத்துக்கங்க. உங்கள நம்பித்தான் போறேன்."

"போய்ட்டு வாங்க. நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

பார்த்துக்கொண்டேன்! அன்று மாலை நான்கு மணிக்கு அந்தச் சிலேட்டைத் திறந்தேன். பதினேழாவது வரியின்மேல் விரலை வைத்தேன். பழைய கணினியாக இருந்தால் எழுத்துக்கட்டை தடக் என்று ஒரு சத்தமாவது போட்டிருக்கும். அந்தச் சத்தத்தில் நான் சுதாரித்திருக்கவும் கூடும். புதியது ஒன்றுமே சொல்லவில்லை. பெயர் போய்விட்டது. கீழே இருந்த பெயர்கள் எல்லாம் ஒரு படி மேலேறி இடத்தை அடைத்துக்கொண்டன. அவர் நேரம் பதினெட்டாவது ஆளுக்குப் போனது. காப்பியை எடுத்துக் குடித்தேன். சூடு ஆறியிருக்கவில்லை.

வாட்ஸப் குழுவில் பட்டியலைப் போட்டேன். அவரவர் தம் பெயரைத் தேடிப் பார்த்துக்கொண்டார்கள். அடுத்தவன் பெயரை யார் தேடப்போகிறார்கள்? சவரிமுத்துவிடம் இருந்தது பட்டன் போன். கருப்பையா ஒருவன்தான் கேட்டான்.

"வாத்தியாரே, சவரிமுத்து அண்ணே பேரக் காணோமே?"

அந்த ஒரு கணம் எனக்குத் தரப்பட்டது. 'அடடா' என்று ஒரு சொல் சொன்னால் போதும்! நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"லிஸ்ட்ல என்ன இருக்கோ அதச் செய்யி. தீர்மானம் போட்டதே அவருதான?"

மடை திறக்காத கை தன்னுடையது என்பதால் கருப்பையா பிறகும் இதை யாரிடமும் சொல்லவில்லை. சுற்று முடிந்தது. அடுத்த சுற்றுக்குப் பன்னிரண்டு நாள். மாசி வெயில் காய்ந்தது. நான் தினமும் அந்த வாய்க்கால் வழியாகத்தான் போனேன். மற்ற வயல்கள் பச்சையாக நிற்க, நடுவில் அந்த ஒன்றரை ஏக்கர் வெளுத்துக்கொண்டு வந்தது. மண் வாய் பிளந்தது. எனக்கு எப்படி இருந்தது? மறைக்கவா... மகிழ்ச்சியாக இருந்தது! 'இப்ப யாருக்கு வரப்புக் கட்டத் தெரியல?' என்று வாய்விட்டே ஒரு நாள் கேட்டேன். சுற்றிலும் கொக்குகளைத் தவிர ஒருவரும் இல்லை.

சவரிமுத்து மதுரையிலிருந்து வந்து இறங்கியதும் நேரே வயலுக்குப் போயிருக்கிறார். அங்கிருந்து நேரே என் வீட்டுக்கு வந்தார். கையில் நாலைந்து கதிர்கள். நசுக்கிக் காட்டினார். பால் பிடிக்கவில்லை, அத்தனையும் பதர்.

"எம் பேரு என்னாச்சு வாத்தியாரே?"

பதிலை நான் முன்பே தயாராக வைத்திருந்தேன். "புது லேப்டாப்பு... பழசுலருந்து மாத்துறப்ப விட்டுப்போச்சு போல."

அவர் என்னையே பார்த்தார். "மிசினு எப்படிய்யா ஒத்தப் பேர மட்டும் திங்கும்?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அப்போது என் வாயிலிருந்து வந்ததை... இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

"ரீத்தாதான் மாத்தி வச்சா. அவசரத்துல ஒரு வரிய விட்டுட்டா போல."

சொல்லிவிட்டேன். எவள் பெயருக்காகப் பழி வாங்கினேனோ அவள் பெயரையே முன்னால் நிறுத்திவிட்டு அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்! அப்பனா நான்?

அவர் கதிர்களை என் வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஊரில் ஒரு பேச்சு மலையேறிக் குமுளிக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? ஞாயிற்றுக்கிழமை ரீத்தாவும் அனீஷும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அவள் கண்கள் வீங்கியிருந்தன.

"நான் நல்லாப் பாத்தேனே அப்பா... நாப்பத்திரண்டும் இருந்துச்சே! எங்கன விட்டேன்?"

அப்போதாவது சொன்னேனா? இல்லை. "விடு தாயி, தப்பு யாருக்கும் வரும்" என்றேன். என் மருமகன் தன் மலையாளத் தமிழில், "சாரமில்ல அச்சா, பரவால்ல... அவ நாலு நாளா உறங்கல" என்று எனக்கே ஆறுதல் சொன்னான்.

போக வேண்டாம் என்று எவ்வளவோ தடுத்தேன். அவள் கேட்கவில்லை. சவரிமுத்து வீட்டு வாசலுக்குப் போனோம். உள்ளே அவர் மனைவி கட்டிலில் படுத்திருந்தார். தொழுவத்தில் மாடு வெறும் கூளத்தைக் கிளறிக்கொண்டிருந்தது. அந்த வருட வைக்கோலே தேறவில்லை.

என் மகள் அவர் முன்னால் தலை குனிந்து நின்றாள்.

"மாமா... நான்தான் தப்புப் பண்ணிட்டேன். என்னய மன்னிச்சிருங்க."

நான் யாரைத் தலைகுனிய வைக்க நினைத்தேன்? குனிந்து நிற்பது யார்? என் வாய் திறக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் கூட்டத்தில் ஒட்டிக்கொண்ட அதே நாக்கு!

சவரிமுத்து எழுந்து வந்தார். அவள் தலையில் கை வைத்தார்.

"அழாத ஆத்தா. வேணும்னா செஞ்ச? இதச் சொல்லவா மலையிலருந்து இம்புட்டுத் தூரம் வந்த?" பிறகு என் பக்கம் திரும்பினார். அவர் குரல் தழைந்திருந்தது. "அன்னைக்குக் கூட்டத்துல நான் பேசுனது தப்பு வாத்தியாரே. பிள்ளைய நல்லாத்தான் வளத்திருக்கீக."

கேட்டீர்களா? மூன்று வருடமாக எந்தச் சொல்லுக்காக நான் வெந்துகொண்டிருந்தேனோ, அந்தச் சொல்! கேட்காமலே வந்தது. ஆனால் அது எனக்கு வந்ததா? செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்டு என் மகள் சம்பாதித்த சொல் அது. அதில் எனக்குப் பங்கேது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சொல்லுக்குப் பிறகும் சவரிமுத்துவின் மேல் என் கோபம் தீரவில்லை. அவர் என் மகளை மன்னித்தாரே... மன்னிக்க அவர் யார்? அவள் என்ன செய்தாள்? என்று இன்னும் பற்றி எரிகிறது. அப்படி ஓர் இடத்தை அவருக்குக் கொடுத்தவனே நான்தான் என்று தெரிந்தும் எரிகிறது!

பெரிய வெள்ளிக்கு முன்னால் பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். பொய் சொன்னேன், கோபப்பட்டேன் என்று சில்லறைகளைச் சொல்லிவிட்டு எழுந்துவந்துவிட்டேன்.

பழைய மடிக்கணினி என் பீரோவில் துணிகளுக்கு அடியில் இருக்கிறது. "அதக் குடுங்க அப்பா, எங்கன விட்டேன்னு ஒருக்க பாக்கணும்" என்று ரீத்தா கேட்டாள். அது எரிந்துபோய்விட்டது என்றேன். எரியவில்லை. அதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். நான் அழித்த நாளும் நேரமும் புதியதில் அப்படியே நிற்கின்றன. அவள் ஊருக்குப் போனதற்கு மறுநாள், மாலை நான்கு மணி. அவளே சொல்லித் தந்ததுதான்: "இதுல எதத் திருத்துனாலும் எப்பத் திருத்துனோம்னு காட்டும் அப்பா." என் மேலுள்ள நம்பிக்கையில் அவள் இன்றுவரை அதைத் திறந்து பார்க்கவில்லை.

இப்போது ஒவ்வொரு முறைக்கும் பட்டியல் போடும் நாளில் அவளிடமிருந்து போன் வந்துவிடும். எப்படியிருக்கிறீர்கள் என்றுகூடக் கேட்பதில்லை.

"அப்பா, பதினேழாவது பேரு இருக்கா? நல்லாப் பாத்தீகளா?"

"இருக்கு ஆத்தா."

"நான் விட்ட மாதிரி விட்டுறாதீக அப்பா..."

"விடமாட்டேன் ஆத்தா" என்கிறேன்.