கடை மேசையில் கட்டிய மூட்டை

மாத்தளைக் கடையில் சொப்பிங் பேக்குக்குத் தனியாகக் காசு கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. அரிசியும் பருப்பும் கருவாடும் மேசையில் கிடந்தன. காசு இருந்தது; இத்தனை வருசம் சும்மா தந்ததை விலைக்கு வாங்கத்தான் மனசு வரவில்லை. தலையில் போட்டிருந்த துண்டை விரித்தேன். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து மூட்டைக்கு ஒருத்தி முனை பிடிப்பாள், இன்னொருத்தி முடிச்சுப் போடுவாள். இங்கே யார் பிடிப்பது? முடிச்சு நழுவியது. வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

எனக்குப் பின்னால் நின்ற முஸ்லிம் பெண் தன் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு முனைகளை இழுத்துப் பிடித்தார்.

"நான் புடிச்சிக்கிறேன், நீங்க இறுக்கிக் கட்டுங்கக்கா. சிரிக்கிறவங்க காசு குடுத்து வாங்கட்டும்."

மூட்டையை என் தலைக்குத் தூக்கிவிட்டதும் அவர்தான். நிமிர்ந்துதான் வெளியே வந்தேன். அந்தப் புண்ணியவதி நன்றாக இருக்க வேண்டும்.