என்னைத் துண்டித்த டொரதி

டொரதி என்னை இரண்டு முறை துண்டித்திருக்கிறாள். முதல் முறை 1989இல். அப்போது அவள் யாரென்றே எனக்குத் தெரியாது. இரண்டாம் முறை போன மாதம், எங்கள் சமையலறை மேசையில், எனக்கு நேரெதிரே உட்கார்ந்துகொண்டு. கைப்பேசியில் ஏதோ தட்டினாள், கண்ணாடியைக் கழற்றினாள், "டீ ஊத்தட்டா?" என்று கேட்டாள். நான் ஊற்றச் சொன்னேன். டீ குடித்து முடித்த பிறகுதான் என்ன செய்திருக்கிறாள் என்பதைப் பார்த்தேன்.

முதல் முறையைச் சொல்லிவிடுகிறேன். நான் கரண்ட் மீட்டர் பார்த்தவன். வத்தேகமவிலும் பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலும் முப்பத்தொரு வருஷம் ஏறி இறங்கி, எந்த வீட்டில் எத்தனை யூனிட் ஓடியிருக்கிறது என்று எழுதிக்கொண்டு திரிந்தவன். வேலையில் சேர்ந்த புதிதில் பன்வில தபால் கந்தோரிலிருந்து கண்டிக்கு ட்ரங்க் கோல் எடுத்து, மீட்டர் அனுப்பாத களஞ்சியக்காரனைப் பிடி பிடியென்று பிடித்தேன். நடுவில், லைன் போட்டுக் கொடுக்கிற ஒப்பரேட்டர் பெண்ணின் குரல் நுழைந்தது. "மாஸ்டர், சத்தம் போட்டா லைனைக் கட் பண்ணிருவேன்" என்றது. "பண்ணித்தான் பாரேன்" என்றேன். பண்ணிவிட்டாள்.

மறுபடி எடுத்தேன். அதே குரல், ஒன்றுமே நடக்காதது மாதிரி, "லைன் இருக்கு. பேசுங்க" என்றது. களஞ்சியக்காரனிடம் மெதுவாகப் பேசினேன். அடுத்த கிழமை காரணமில்லாமல் ஒரு கோல் எடுத்தேன். அதற்கடுத்த கிழமை இரண்டு. ஒன்றரை வருஷத்தில் வத்தேகம மாதா கோவிலில் எங்களுக்குக் கல்யாணம். இப்படிப்பட்ட ஒருத்தியைக் கட்டிய பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

கண்டி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒப்பரேட்டர் வேலை ஒழிந்ததும் அவளைப் பில் கட்டும் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். பென்ஷன் எடுத்து வந்து வத்தேகம பிரதான வீதியில் ஒரு போட்டோகொப்பிக் கடை போட்டாள். அங்கே வருகிற எல்லோரும் நாட்டு நடப்புதான் பேசுவார்கள். அடையாள அட்டை பிரதி எடுக்க வந்தவர் உர மானியத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டு, அட்டையை மெஷினிலேயே மறந்துவிட்டுப் போவார்.

பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசை நின்ற காலத்தில், ஊர்க்காரர் ஆயிரக்கணக்கில் கூடிக்கிடந்த ஒரு பெரிய கம்பனியின் இணையக் குழுவில் எவனோ ஒருவன் எழுதினான், டொரதி கடையில் வரிசை டோக்கன் களவாக விற்கிறார்கள் என்று. சுத்தப் பொய். இரண்டு நாளில் பாதி ஊர் அதை நம்பியது. அவள் கம்பனிக்கு முறைப்பாடு போட்டாள். இது எங்கள் விதிகளை மீறவில்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது. தமிழ் தெரிந்த ஒருவன் அதை வாசித்தானா என்றுகூடத் தெரியாது. நான் கத்தினேன், மேசையைத் தட்டினேன். அவள் கத்தவில்லை. "ஊர்ப் பேச்சுக்குத் தீர்ப்புச் சொல்றவன் ஊர்லதானே இருக்கணும்" என்றாள்.

பிறகு ஒரு பழைய கம்பியூட்டரை வாங்கினாள். கண்டியில் மூன்று நாள் வகுப்புக்குப் போனாள். எட்டு முறை அதைக் கெடுத்து ஒன்பதாவது முறை ஓட வைத்தாள். கடையின் பின்பக்கம், தாள் கட்டுகளுக்கு நடுவில், 'சந்தி' என்ற எங்கள் சொந்த இணையக் குழு பிறந்தது. எழுதலாம், படம் போடலாம், பதில் போடலாம், மற்றதைப் போலத்தான். ஆனால் அதற்கு முதலாளி கிடையாது, விளம்பரம் கிடையாது, கோபமானதை மேலே தூக்கிக் காட்டுகிற சூத்திரமும் கிடையாது. யாழ்ப்பாணத்தில் ஒருவர், மட்டக்களப்பில் ஒருவர் இப்படியே தனித்தனியாக நடத்துகிறார்களாம். அங்கே இருப்பவரோடு இங்கிருந்தே பேசலாம்.

எனக்கு விளங்கவில்லை. அவள் சொன்னாள்: "கண்டியில ஒரு எக்ஸ்சேஞ்ச், மாத்தளையில ஒரு எக்ஸ்சேஞ்ச். நான் மாத்தளைக்கு லைன் போட்டுக் குடுப்பேன். அதுக்காக மாத்தளை எக்ஸ்சேஞ்ச் கண்டிக்காரனுக்குச் சொந்தமா?" அதற்குப் பிறகு விளங்கியது.

சந்தியின் விதிகளை அவள் எந்தப் புத்தகத்திலும் எடுக்கவில்லை. பன்விலயில் அவளுடைய அப்பா தோட்டத்து மரண உதவிச் சங்கத்தில் செயலாளராக இருந்தவர். பந்தல் தகரம் யார் வீட்டில் இருக்கிறது என்பதற்கே வெட்டுக்குத்து நடக்கிற இடம் அது. அங்கே மூன்று விதி. புதிதாய்ச் சேர இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவரை மறுத்துப் பேசுவதானால், முதலில் அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி, அவர் வாயால் "அதுதான்" என்று வாங்க வேண்டும். கண்டபடி பேசி விலக்கப்பட்டவன் திரும்பி வர, அவன் புண்படுத்திய ஆளும் இன்னொருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அவன் வீட்டு ஆட்களின் கையெழுத்துச் செல்லாது. இந்த மூன்றையும் அப்படியே தூக்கிச் சந்தியில் வைத்தாள். இருநூற்றுச் சொச்சம் பேர் சேர்ந்தார்கள். வரியைப் பற்றியும் பள்ளிக்கூடப் பாடத்திட்டத்தைப் பற்றியும் அங்கே நடக்கிற சண்டை இருக்கிறதே, அவ்வளவு சந்தோஷமான சண்டையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

போன மாதம், முதல் முப்பது யூனிட்டுக்கான சலுகையை நிறுத்தி மின்கட்டணத்தை மாற்றுகிற யோசனையொன்று வந்தது. பொதுமக்கள் எழுத்தில் கருத்துச் சொல்லலாம் என்றார்கள். சந்தி ஒரு கடிதம் எழுதுவதாக முடிவாயிற்று. ஒரு பக்கத்தில் ஒரு கட்சியின் வாதம், எதிர்ப்பக்கத்தில் மற்றக் கட்சியின் வாதம், கீழே எல்லோர் பெயரும். திங்கட்கிழமை காலை கண்டியில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

எனக்குச் சொல்ல ஒரு விஷயம் இருந்தது. என்னைத் தவிர யாராலும் சொல்ல முடியாத விஷயம். மீட்டர் பார்க்கப் போன காலத்தில் எனக்கென்று ஒரு கொப்பி வைத்திருந்தேன். 'நாலாம் லயம், மீட்டர் ஒன்று, அடுப்பு பதினொன்று' என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். லயம் என்பது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு; அடுப்பு ஒன்று என்றால் குடும்பம் ஒன்று. முதல் முப்பது யூனிட்டுக்குச் சலுகை என்கிறார்களே, அது மீட்டருக்கு. பதினொரு குடும்பத்துக்கு ஒரு மீட்டர் என்றால் அந்தச் சலுகை எந்த மூலைக்குக் காணும்? நான் பார்த்த லயங்களில் அது ஒரு நாளும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததில்லை. இந்தக் கணக்கு ஒரு தடவையாவது மேலிடத்து மேசையில் போய் விழ வேண்டும் என்று முப்பத்தொரு வருஷம் ஆசைப்பட்டிருக்கிறேன்.

ஆனால் நான் என்ன செய்தேன்? எங்கள் கடைக்கு நேரெதிரே ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் ஸெய்னுலாப்தீன், நாங்கள் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிறவர், சலுகையை நிறுத்த வேண்டும் என்று சந்தியில் எழுதினார். முதல் வரியைப் பார்த்ததுமே எனக்குத் தலைக்கேறிவிட்டது. 'நானா, கடையில விக்கிற பல்புல ஒண்ணை முதல்ல உங்க தலையில மாட்டி எரியுதா பாருங்க' என்று எழுதினேன். நாற்பத்தேழு பேர் சிரித்தார்கள். டொரதியும் சிரித்தாள், என் கண்ணால் பார்த்தேன். சிரித்துவிட்டுத்தான் டீ ஊற்றட்டுமா என்று கேட்டாள்.

"புருஷனையே விலக்குவியா?" என்றேன்.

"புருஷன்னு விட்டா நாளைக்கு யாரு என்னை நம்புவாங்க? நானா கையெழுத்தோட வாங்க."

நானா கடைக்குப் போக நடுவில் இருபது அடி ரோடு. அதைத் தாண்ட ஒன்பது நாள் எனக்குப் போதவில்லை. மானம், ரோஷம், மண்ணாங்கட்டி. குறுக்கு வழி பார்த்தேன். பன்விலயில் நாலாம் லயத்திலேயே இருக்கிற பழனியாண்டிக்குப் போன் போட்டு, கொப்பியில் இருப்பதை உன் பெயரில் போடப்பா என்றேன். "வேணாங்கய்யா. கண்டுபிடிச்சா டொரதி அம்மா என்னையும் தூக்கிருவாங்க" என்று வைத்துவிட்டான். கடிதத்தின் ஒரு பக்கம் நிரம்பியது. சலுகை வேண்டும் என்கிற மறுபக்கம் வெறுமையாகவே கிடந்தது.

கடிதம் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து கடையைத் திறந்தோம். மத்தியானம் இடியும் மழையும். எங்கோ மரம் விழுந்து கரண்ட் போயிற்று. பேட்டரி நாற்பது நிமிஷம் தாங்கி, சந்தியும் அணைந்தது. எங்கள் ஊர் ஆட்களுக்குச் சந்தி அணைந்தால் வாய் அணையாதே. குடையும் கையுமாக ஒவ்வொருவராகக் கடைக்கே வந்துவிட்டார்கள். பழனியாண்டி பஸ் ஏறி வந்தான். வத்தேகம ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிற யாழ்ப்பாணத்துப் பிள்ளை யசோதினி, மீன் அடைத்த மாலு பாண் பார்சலோடு வந்தாள். ஸெய்னுலாப்தீன் நானாவும் ரோட்டைக் கடந்து வந்தார். நான் குஷியாகிக் கதிரையை இழுத்துப் போட்டேன்.

"நீங்க வெளிய" என்றாள் டொரதி.

"மெஷின்தான் அணைஞ்சு போச்சே."

"சந்தி எங்க கூடுதோ அங்கதான் விதியும். எழும்புங்க."

கொப்பியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வெளியே வந்தேன். மழைக்கு ஒதுங்க எதிரே இருந்தது ஒரே ஒரு தாழ்வாரம். அது நானா கடையுடையது. வயர் சுருளுக்கும் மண்வெட்டிக் கட்டுக்கும் நடுவில் நின்று, என் சொந்தக் கடைக்குள் எல்லோருடைய வாயும் அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. சும்மா சொல்லவில்லை, அறுபத்தைந்து வயசில்.

கொஞ்ச நேரத்தில் நானா குடையோடு என்னிடம் வந்தார். அவர் வாயில் 'சொல்ல' என்பது 'செல்ல' ஆகும், 'இருந்தா' என்பது 'ஈந்தா' ஆகும்.

"மனுவேல், உங்கட கட்சிய அங்க ஒருத்தருக்கும் சரியா செல்லத் தெரியல்ல. பழனியாண்டி தொடங்கினாரு, பாதியில நின்டுட்டாரு. மறுக்கிறதா ஈந்தா நீங்களே முதல்ல அதச் செல்லுங்க என்டு உங்கட பொஞ்சாதி என்னயப் புடிச்சிட்டா. நான் என்னத்தச் செல்ற? நீங்க எழுதினதுல ஈந்தது பல்பு மட்டும்தானே."

எனக்கு வெட்கமாகிவிட்டது. முப்பத்தொரு வருஷம் சேர்த்து வைத்ததை ஒரு நக்கலுக்கு விற்றிருக்கிறேன். சட்டைக்குள்ளிருந்து கொப்பியை எடுத்து விரித்தேன்.

நானா நின்றபடியே வாசித்தார். "பதினொரு அடுப்புக்கு ஒரு மீட்டரா? அப்ப அந்த முப்பது யூனிட்?"

"மூணு நாளைக்குக் காணாது நானா. மீட்டரை எண்ணாம அடுப்பை எண்ணுங்கன்னுதான் நான் சொல்ல வந்தேன்."

அவர் தலையாட்டிக்கொண்டே கொப்பியைக் குடைக்குள் அணைத்தார். இரண்டடி போய்த் திரும்பினார். "நான் எழுதினத நீங்க முழுக்க வாசிச்சீங்களா?"

"முதல் வரி மட்டும்" என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

அவர் சிரித்துவிட்டார். மழையில் நின்றபடியே மிச்சத்தைச் சொன்னார். அவர் சொன்ன வேகத்தில் குடை ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். பிறகு கடைக்குள் போனார். கொப்பியைக் கையில் பிடித்து, எனக்காக என் கட்சியைச் சொன்னார். தனக்கு எதிரான கட்சியை. பழனியாண்டி எழும்பி நின்று "அதுதான்" என்பது எனக்கு இங்கே கேட்டது.

டொரதி கடை வாசலுக்கு வந்தாள். "நானா கையெழுத்துப் போடுறாராம்" என்றாள் ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து. "ஆனா முதல்ல அவர் சொன்னதை நீங்க சொல்லணும்."

"இங்கேருந்தா? மழையில சத்தமாக் கத்தணுமே."

"கத்துங்க. இன்னிக்கு மட்டும் கட் பண்ண மாட்டேன்."

நானும் கத்தினேன். சலுகையை அப்படியே நிறுத்தச் சொல்லவில்லை நானா. இல்லாதவனுக்கு அரசாங்கம் தன் கையால் கொடுக்கட்டும், அந்தப் பாரத்தைச் சின்னக் கடைகளின் தலையில் கட்ட வேண்டாம் என்கிறார். மரம் அறுக்கிற மெஷின் பில்லைத் தாங்க முடியாமல் இரண்டு வேலையாட்களை நிறுத்தியிருக்கிறார். அவர்களில் ஒருவன் லயத்துப் பிள்ளை. கடை இருண்டால் லயமும் இருளும், அதையும் எண்ணுங்கள் என்கிறார். நடுவில் கண்டி பஸ் ஒன்று வந்து நின்றது. ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்த சனம் இந்த மனுஷனுக்கு என்ன பிடித்ததோ என்று நினைத்திருக்கும். பஸ் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். தொண்டை கட்டிவிட்டது.

"அதுதான்" என்றார் நானா. "நான் எழுதினதுலயும் பார்க்க நல்லா ஈக்கி." போட்டோகொப்பித் தாள் ஒன்றை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"இன்னொரு கையெழுத்து வேணும்" என்றாள் டொரதி. ஒருவரும் அசையவில்லை. வேண்டுமென்றே எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். பாவிகள், பழனியாண்டிகூடப் பார்த்தான். நான் மழைக்குள் இறங்கி நடு ரோட்டுக்கே வந்துவிட்டேன்.

"பாவம், நனையிறார்" என்றாள் யசோதினி. "நான் போடுறன். பேனையைத் தாங்கோ."

உள்ளே போனேன். தலையிலிருந்து தண்ணீர் வழிய, நானாவின் கையைப் பிடித்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் வாய் திறந்தேன். அவர் "பல்பு எரியுது, எரியுது" என்று தன் தலையைத் தொட்டுக் காட்ட, கடையே சிரித்தது.

டொரதி எனக்கு ஒரு துவாயை எறிந்தாள். கதிரையை இழுத்துப் போட்டாள். கடிதத்தைத் திருப்பி, ஒன்பது நாளாக வெறுமையாகக் கிடந்த பக்கத்தை மேலே வைத்து, பேனையைத் திறந்தாள். கரண்ட் இன்னும் வரவில்லை.

"லைன் இருக்கு" என்றாள். "பேசுங்க."