மஞ்சள் துணியில் முடிந்த டாலர்

என் கணவருக்கு ரூபாய் நோட்டு என்றாலே ஆகாது. இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஏனென்றால் அவருடைய பிழைப்பே அதில்தான். கீரமங்கலம் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் இருபத்தெட்டு வருடமாகக் காசாளர். கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஈரப் பஞ்சில் விரலைத் தொட்டுத் தொட்டு, அடுத்தவர் பணத்தை எண்ணியே தலை நரைத்தவர். மிட்டாய்க் கடை வைத்திருப்பவருக்கு மிட்டாய் இனிக்காது இல்லையா, அந்த மாதிரி. பால்காரர் முதல் பூக்காரர் வரை எல்லாருக்கும் போனைக் காட்டித்தான் பணம் கொடுப்பார். அவர் சட்டைப் பையைத் துழாவினால் ஒரு சீப்பும் பேனாவும் தவிர ஒன்றும் கிடைக்காது.

நான் நேர் எதிர். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். முட்டையைக் கையால் தொட்டு எண்ணினால்தான் எனக்கு அது முட்டை. பணமும் அப்படியே.

போன கோடை விடுமுறையில் நாங்கள் இருவரும் வியட்நாம் போய்வந்தோம். அதற்கு முன் எங்கள் சுற்றுலா என்றால் சித்தன்னவாசல்தான். வெளியூரிலிருந்து உறவுக்காரர் வரும்போதெல்லாம் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டி, அந்தக் குகைக் காவலருக்கே எங்கள் முகம் பழகிவிட்டது. கடல் தாண்டிப் போகும் ஆசை எனக்கு இருந்ததே இல்லை. ஆசை அவருக்கு. அதுவும் ஒரு காலண்டரால் வந்த ஆசை.

சங்கத்தில் அவர் உட்காரும் இடத்துக்கு எதிர்ச் சுவரில் உரக்கடை ஒன்று கொடுத்த காலண்டர் தொங்கியது. பச்சைக் கடல், அதன் நடுவே செடி முளைத்த பாறைகள் நூற்றுக்கணக்கில், ஊடே ஒரு படகு. வருடம் முடிந்து தேதித் தாளெல்லாம் கிழிந்த பிறகும் அந்த அட்டையைக் கழற்ற அவர் விடவில்லை. எந்த ஊர் என்றுகூடத் தெரியாமல் பல வருடம் பார்த்துக்கொண்டிருந்தார். சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஒருமுறை வந்தபோது அதைப் போனில் படம் பிடித்துத் தேடி, வியட்நாம் என்று கண்டுபிடித்தாள். விமான டிக்கெட்டும் விடுதியும் அவளே போட்டாள். படகுக்கு முன்பணம் கட்டிவிட்டு, மீதியைப் போவதற்கு முந்தின நாள் மாலை ஆறு மணிக்குள் விடுதியில் ரொக்கமாகக் கொடுக்க வேண்டும் என்று சொன்னாள். கொடுக்காவிட்டால் அந்த இடத்தை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். படகு முடிந்த மறுநாள் எங்களுக்கு ஊர் திரும்பும் விமானம். ஆகவே விட்டால் விட்டதுதான்.

கைச்செலவுக்கு எதைக் கொண்டுபோவது என்பதில் வீட்டில் பத்து நாள் சண்டை நடந்தது. கார்டு ஒன்றே போதும் என்றார் அவர்.

"கார்டு தொலைஞ்சா ஒரு போன் போட்டு நிப்பாட்டிரலாம். ஒன் நோட்டு தொலைஞ்சா யாருக்குப் போன் போடுவ?"

"அய்யனாருக்கு" என்றேன்.

கடைசியில் அவர் கார்டு அவருக்கு, என் ரொக்கம் எனக்கு என்று பாகப்பிரிவினை ஆனது. திருச்சியில் பணம் மாற்றும் இடத்தில் நூறு டாலர் தாள் ஆறு வாங்கினேன். கொடுத்த தம்பி, கறை கிறை படாமல் வைத்துக்கொள்ளுங்கள், கறை இருந்தால் அங்கே வாங்கமாட்டார்கள் என்று சொல்லித்தான் கொடுத்தது. பெரிதாகத் தலையாட்டினேன். படி இறங்குவதற்குள் மறந்துவிட்டேன்.

தூரப் பயணம் போகும்போது மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து அய்யனாருக்கு நேர்ந்துகொள்வது எங்கள் வீட்டு வழக்கம். முடிச்சு சாமி படத்துக்கு முன்னால் இருக்கும், நல்லபடியாகத் திரும்பி வந்ததும் கோயில் உண்டியலுக்குப் போகும். இந்த முறை எனக்குப் புதுசாக ஒரு யோசனை வந்தது. ஆபத்தெல்லாம் போகிற இடத்தில் இருக்க, காவல் மட்டும் வீட்டில் எதற்கு? கிளம்பும் நாள் காலையில் வெள்ளைத் துணியை மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் கொடியில் போட்டேன். மழை மூட்டம். கார் வந்து நின்றது. துணி காய்ந்துவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டு, ஒரு ரூபாயோடு ஆறு டாலர் தாளையும் சேர்த்து முடிந்து, கைப்பையின் அடியில் போட்டேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்.

ஹனோயில் முதல் இரண்டு நாளும் கார்டு ராஜாவாக நடந்தது. பெரிய கடையில் நீட்டினார், வாங்கிக்கொண்டார்கள். ஓட்டலில் நீட்டினார், வாங்கிக்கொண்டார்கள். ஒவ்வொரு தடவையும் என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். உண்மையைச் சொல்ல வேண்டும், வசதியாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் படகுப் பணத்துக்கு ரொக்கம் எடுக்க ஏடிஎம் போனோம். என் கணவருக்கு ரகசிய எண் மனதில் இல்லை, விரலில் இருக்கிறது. நம் ஊர் மெஷினில் கட்டைவிரல் பாட்டுக்கு நான்கு இடத்தைத் தட்டும், பணம் வரும். அந்த மெஷினில் பொத்தான் இல்லை. திரையிலேயே எண்கள், அதுவும் வரிசை மாறிக் கிடந்தன. இவர் கண்ணாடியும் போடாமல், விரல் போன போக்கில் தட்டினார். தப்பு என்றது. நோட்டு எண்ணும் வேகத்தில் மறுபடியும் தட்டினார். மூன்றாவது முறைக்கு அப்புறம் கார்டு முடங்கிப்போனது. எண்ணைச் சொல்லுங்கள் என்றால் சொல்லத் தெரியவில்லை. விடுதி மேசையில் விரலால் நான்கு முறை தட்டிக் காட்டினார்.

மகள் சென்னையிலிருந்து வங்கிக்குப் பேசினாள். ஒரு நாள் கழித்துத்தான் திறக்குமாம். அவள் பணம் அனுப்பப் பார்த்தாள், அந்தச் சின்ன விடுதிக்கு அனுப்ப வழியில்லை. என் கார்டு வெளிநாட்டில் ஓடாது. மணி இரண்டு. எனக்கு, அவர் வாய் அடைத்துப்போனதில் ஒரு சந்தோஷம் வந்ததை மறைக்க மாட்டேன். அந்தச் சந்தோஷத்தோடுதான் கைப்பையைத் திறந்து முடிச்சை அவிழ்த்தேன்.

ஆறு தாளும் ஓரமெல்லாம் மஞ்சள். மடிப்பு மடிப்பாக உள்ளே ஊறி, நடுவில் இருந்த தலைவர் முகம் வரைக்கும் மங்களகரமாக இருந்தது.

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், விரலால் ஓரத்தை நீவினார்.

"இதை நானே வாங்கமாட்டேனே" என்றார்.

அது எனக்குத் தெரிந்ததுதான். கீரமங்கலத்தில் பூப் பறித்து விற்கிற பெண்கள், கோயில் வேலை பார்ப்பவர்கள் என்று மஞ்சளும் குங்குமமும் எண்ணெயும் ஏறிய நோட்டோடு சங்கத்துக்கு வருவார்கள். மேலே பெரிய வங்கியில் வாங்கமாட்டார்கள், வேறு கொடுங்கள் என்று கம்பிக்கு வெளியே தள்ளிவிடுவார். வீட்டுக்கு வந்து அதை ஒரு பெருமையாகவும் சொல்வார். வேறு இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று நானும் கேட்டதில்லை.

விடுதிப் பெண் தாளைப் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள். தெருமுனை வங்கியில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் தொடவே இல்லை, கையை மட்டும் ஆட்டினார். நகைக்கடைகளில் டாலர் மாற்றுவார்கள் என்று விடுதிப் பெண் ஒரு தெருவை எழுதிக் கொடுத்தாள். முதல் கடையில் எடுத்து விளக்கின் கீழ் வைத்துப் பார்த்துவிட்டுத் தள்ளினார்கள். இரண்டாவது கடையில் அதுவும் இல்லை. ஒவ்வொரு கவுண்டரிலும் என் கணவர் தாளை நீட்டுகிறார், அது திரும்பி வருகிறது. வழக்கமாக அவர் கம்பிக்கு அந்தப் பக்கம் இருப்பவர். இந்தப் பக்கம் எப்படி நிற்பது என்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இரண்டு மூன்று மணி நேரத்தில் ஒரு காலண்டர் படத்தை நான் அழித்துவிட்டேன் என்று தோன்றியது.

"என்னங்க, நான்தான் கெடுத்துட்டேன்" என்றேன்.

"நாந்தான் மொதல்ல கெடுத்தேன். வா, இன்னொரு கடை இருக்கு" என்றார்.

அந்தக் கடை கடைசியில், ஒரு ஆள் அகலத்தில் இருந்தது. என் வயதுதான் இருக்கும், ஒரு பெண்மணி தனியாக இருந்தார். தாளை வாங்கி, விளக்கின் கீழ் வைக்காமல் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். போனில் அவர் பாஷையில் ஏதோ பேச, அது ஆங்கிலத்தில் இது என்ன என்று கேட்டது. மஞ்சளுக்கு ஆங்கிலத்தில் என்ன என்று எனக்குத் தெரியாது. அந்தக் கடையின் தரையில், மூலையில், சின்ன மரப் பெட்டி மாதிரி ஒரு சாமி இருந்தது. ஊதுவத்தி, ஆரஞ்சுப் பழம், ஒரு டம்ளர் தண்ணீர். நான் மஞ்சள் துணியை எடுத்து, உள்ளே இருந்த ஒரு ரூபாயைக் காட்டி, அந்தச் சாமியைக் காட்டி, இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன்.

அந்தப் பெண்மணி சிரிக்க ஆரம்பித்தார். கேலி இல்லை, சொந்தக்காரர் வீட்டில் சிரிக்கிற சிரிப்பு. எத்தனை தாள் வேண்டும் என்று விரலைக் காட்டினார். இரண்டு என்றோம். அன்றைய விலை எழுதிய பலகையைக் காட்டி, ஒன்றும் குறைக்காமல் அவர்கள் ஊர்ப் பணத்தை எண்ணிக் கொடுத்தார். எங்கள் இரண்டு தாளையும் கல்லாவில் போடவில்லை. எழுந்துபோய் அந்தச் சாமிக்கு முன்னால், பழத் தட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தார்.

அவர் எண்ணிக் கொடுத்ததை என் கணவர் எண்ணிப் பார்க்கவில்லை. எங்கள் கல்யாணத்துக்கு அப்புறம் அவர் எண்ணாமல் வாங்கிய ஒரே பணம் அதுதான். "ரொம்ப நன்றிங்கம்மா" என்று தமிழிலேயே சொன்னார். அந்த அம்மாவும் அவர் பாஷையில் ஏதோ சொன்னார். அவருக்கு அது வியாபாரம் இல்லை என்று எங்களுக்குத் தெரியும். அந்தத் தாளை அவரால் யாரிடமும் தள்ள முடியாது. முகம் தெரியாத இரண்டு பேருக்காக அன்றைக்கு அவர் தன் கைப்பணத்தைக் கொடுத்தார். இன்றும் விளக்கேற்றும்போது அவரையும் நினைத்துக்கொள்கிறேன். பெயர் கேட்காமல் வந்துவிட்டேனே என்பது ஒன்றுதான் குறை.

ஐந்தரைக்கு விடுதியில் பணம் கட்டினோம். மறுநாள் படகு அந்தப் பாறைகளுக்கு நடுவே போனபோது மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். இவர் ஒரு படமும் எடுக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றவர், மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் வரவில்லை. வெகுநேரம் கழித்துப் பக்கத்தில் போய் நின்றேன்.

"காலண்டர்ல போட்டது பொய் இல்ல" என்றார். கண் கலங்கியிருந்தது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

ஊருக்கு வந்ததும் ஒரு ரூபாயை அய்யனார் உண்டியலில் போட்டேன். மிச்சம் நான்கு டாலர் தாள் பீரோவில் கிடக்கிறது, திருச்சித் தம்பியும் வாங்கமாட்டேன் என்றுவிட்டது. வெளிநாட்டுக்குக் கார்டா ரொக்கமா என்று யாராவது எங்களைக் கேட்டால் இரண்டும் கொண்டுபோங்கள், கார்டு எண்ணை மனப்பாடம் பண்ணுங்கள், நோட்டைச் சாமியிடம் காட்டுவதோடு நிறுத்துங்கள் என்று இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்கிறோம்.

வேலைக்குத் திரும்பின முதல் வாரத்திலேயே அவர் ஒரு புதுப் பழக்கம் ஆரம்பித்தார். திங்கட்கிழமை காலையில் கிளம்பும்போது என்னிடம் ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை கேட்டார். நோட்டையே தொடாத மனிதருக்கு எதற்கு என்று எனக்கு ஆச்சரியம். டீக்குக்கூட அவர் போனைத்தான் காட்டுவார். என்னத்துக்கு என்றேன், சும்மா இருக்கட்டும் என்றார்.

சனிக்கிழமை அவர் சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில் சீப்பு, பேனா. அவற்றோடு பத்து ரூபாய் நோட்டு பத்தும் நூறு ரூபாய் நோட்டு நான்கும் இருந்தன. ஒன்றில் குங்குமம் அப்பியிருந்தது. இரண்டு, மல்லிகைக் கூடையிலிருந்து வந்தது போல ஈரத்தில் நைந்து வாசம் அடித்தன. மற்றதெல்லாம் மஞ்சள். நான் கொடுத்த நல்ல சில்லறை ஒன்றுகூட இல்லை, எல்லாம் கம்பிக்கு வெளியே போயிருந்தது.

நோட்டுகளை ஜன்னல் ஓரத்தில் காயவைத்தேன். திங்கட்கிழமை அவர் கேட்பதற்கு முன்பே, ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை எடுத்து அவர் சாப்பாட்டுப் பைக்குப் பக்கத்தில் வைத்தேன்.