ரோதைமுனிக்குப் போட்ட பூசை

கம்பளையிலிருந்து மேலே ஏறும் பாதையில் எங்கள் தேயிலைத் தோட்டம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் ஓர் ஆறு ஓடியது. ஆறு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம், ஓடைதான். ஆனாலும் குளிப்பதும் துவைப்பதும் அங்கேதான். செத்தவர்களுக்குக் கருமாதி செய்வதும் அங்கேதான்.

அந்த ஆற்றை மறித்துக் குழாய்க்குள் விட்டு, கீழே மின்சார நிலையம் ஒன்று கட்டினார்கள். ஓடைகளில் தனியார் மின்சாரம் எடுத்து அரசாங்கத்துக்கு விற்கலாம் என்று கொழும்பில் முடிவாகியிருந்த காலம் அது. தோட்டத்தில் முதலில் சந்தோஷப்பட்டவர் என் அப்பா. அவர் தேயிலை பெக்டரியில் ரோதை, அதாவது மெஷின் சக்கரம், பார்த்தவர். சக்கரம் சுழலும் இடமெல்லாம் ரோதைமுனியின் காவல், அவருக்குப் பூசை போடாமல் எதையும் ஓட்டக் கூடாது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். நிலையம் திறந்த அன்று அப்பா சுவரோரம் ஒரு சூலத்தை நட்டு, சேவல் அறுத்து, பொங்கல் வைத்தார். வந்திருந்த இன்ஜினியர்மாரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றார்கள்.

"நம்ம தண்ணில சுத்துற ரோதை. மொத லைட்டு நம்ம லயத்துக்குத்தான், பாரேன்" என்று அம்மாவிடம் சொன்னார். லயத்தில் கரண்ட் கிடையாது. மண்ணெண்ணெய்க் குப்பி லாம்புப் புகையில் அம்மாவுக்குக் கண்ணெரிச்சல் தீராமலே இருந்தது. அந்தப் பூசை முழுக்க அதற்காகத்தான். பெக்டரி ரோதை சுற்றினால் தோட்டத்துக்குச் சோறு. இதுவும் அப்படித்தான் என்று மனுஷன் நம்பிவிட்டார். கம்பி எங்கள் லயத்துக் கூரைக்கு மேலாகவே போனது. கீழே ஒரு நூல்கூட இறங்கவில்லை.

நானோ பேராதனையில் போட்டோகொப்பிக் கடை வைத்திருந்தேன். மழை பொய்த்து நாடு முழுக்க கரண்ட் வெட்டியபோது கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டியவன். டீசல் எரித்துக் கரண்ட் எடுத்தால் காசும் நாசம், காற்றும் நாசம், தண்ணீரில் எடுப்பதே புத்தி என்று வருகிற பிள்ளைகளிடம் வாய் கிழியப் பேசுவேன். இப்போதும் அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் யாருடைய தண்ணீர் என்று அப்போது எவரும் என்னைக் கேட்கவில்லை.

அப்பா செத்தது மாசியில். கருமாதியன்று மொட்டையடித்துக்கொண்டு, சடங்கு செய்கிற பண்டாரத்தோடு ஆற்றுக்குப் போனோம். ஆறு இல்லை. பாறைக் குழியில் சவர்க்கார நுரையோடு கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. வெயில் காலத்தில் வருகிறதெல்லாம் குழாய்க்கே போய்விடுமாம். பிண்டத்தைக் கரைத்து முங்கி எழ வேண்டும். எங்கே முங்குவது? அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது.

மேலே ஆற்றை மறித்த இடத்தில் தண்ணீர்க் கதவைப் பார்க்கும் சிங்களவரிடம் ஓடினேன். நல்ல மனுஷன், என் மொட்டைத் தலையைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துகொண்டார்.

"ஐயோ தம்பி, கதவு தொறக்க ஏலாது. என்ட வேல போயிரும். கீழ மெஷின் வீட்டுக்குப் போங்க. அங்க தண்ணி வெளிய வருது. நான் கேட்டைத் தொறக்கச் சொல்றேன்."

பிண்டத்தைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கினோம். அம்மாவும் கூடவே வந்தார். முள்கம்பி வேலிக்குள், சீமெந்து வாய்க்காலில், எங்கள் ஆறு சீறிக்கொண்டு வெளியே வந்தது. சுவரோரம் அப்பா நட்ட சூலம் அப்படியே நின்றது. குங்குமம் மட்டும் கரைந்து போயிருந்தது. அதைக் கண்டதும் அம்மா தலையிலடித்துக்கொண்டு கத்தினார்.

"கோழியறுத்துப் பொங்கல் வச்சாரே, பாவி மனுசன்! முழுத் தண்ணியவும் குடிச்சியே முனி, ஒரு லைட்டு குடுத்தியா? கண்ணு அவிஞ்சா போச்சு ஒனக்கு?"

யாரும் அவரைத் தடுக்கவில்லை. நான் பிண்டத்தைக் கரைத்துவிட்டு முங்கினேன். காதுக்குள் மெஷின் இரைச்சல்தான் கேட்டது. பிறந்ததிலிருந்து குளித்த தண்ணீர் எனக்கு அந்நியமாக இருந்தது. அப்பாவை அப்படித்தான் வழியனுப்பினோம்.

பிறகு அம்மாவைப் பேராதனைக்குக் கூட்டி வந்துவிட்டேன். முதல் நாள் பொழுது சாய லைட்டைப் போட்டேன். லயத்தில் விளக்கேற்றியதும் கையெடுத்துக் கும்பிடுகிறவர், இங்கே கும்பிடவில்லை. கதிரையில் உட்கார்ந்தபடி பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத அணைச்சிரேன்ப்பா."

"ஏம்மா, கண்ணு கூசுதா?"

"இல்ல. அந்தத் தண்ணி ஆத்துக்குப் போவட்டும். நாளைக்கு என்னையும் அங்கதான கரைக்கணும்."

தண்ணி அப்படியெல்லாம் திரும்பிப் போகாதும்மா என்று சொல்ல வாயெடுத்தவன், எழுந்து போய் லைட்டை அணைத்தேன்.