மூணாங்கொதியும் ஒரு கல்யாண கவுனும்

மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் முப்பத்தொரு வருடம் உழைத்து ஓய்வுபெற்ற அந்தப் பெரிய மனிதரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தலைமை டாக்டர் முதல் பிணவறைக் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் ‘மூணாங்கொதி’தான். கறை பட்ட விரிப்பை முதலில் ஒரு தடவை கொதிக்க வைப்பார்கள். போகாவிட்டால் இரண்டாம் கொதி. அதற்கும் மசியாத கறைக்கு மூன்றாம் கொதி. அப்புறமும் நிழல் தெரிந்தால் விரிப்பைக் கிழித்துத் தரை துடைக்க அனுப்பிவிட வேண்டும். இது கூடத்தின் சட்டம். மற்றவர்கள் இரண்டாம் கொதியோடு கண்ணை மூடிக்கொண்டு மடித்து அடுக்கிவிடுவார்கள். இவர் ஒவ்வொரு விரிப்பையும் ஜன்னலோரம் கொண்டுபோய், வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கள்ளநோட்டைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

“சாகக் கிடக்கிறவன் இதையெல்லாம் பாக்கவா போறான்?” என்று ஒரு நர்ஸ் கேட்டாள்.

“அவன் பாக்கமாட்டாம்மா. நான் பாப்பேன்ல?”

இந்த ஒரு வாக்கியத்துக்கே அவருக்குச் சிலை வைத்திருக்கலாம். ஓய்வுபெறும் நாளில் சுவர்க் கடிகாரம் ஒன்று கொடுத்தார்கள். அது ஓடாது.

இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய மனைவி அதே மருத்துவமனையில்தான் இறந்துபோனாள். அவர் கையால் வெளுத்த விரிப்பில், ஒரு பொட்டு நிழல் இல்லாத விரிப்பில் படுத்து இறந்தாள். அந்தத் திருப்தியை அவர் பல பேரிடம் சொல்லிப் பார்த்தார். கேட்டவர்கள் சட்டென்று பேச்சை மாற்றினார்கள்.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி மூன்று வாரம் இருக்கும்போது, கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியை இழுத்து, மனைவியின் கல்யாண கவுனை வெளியே எடுத்தார். மெல்லிய பருத்தித் துணி, தோளில் லேஸ். முப்பது வருடம் பெட்டிக்குள் கிடந்து பழுத்துப்போயிருந்தது.

“டீயில முக்கின மாதிரி இருக்கேப்பா” என்றாள் மகள்.

“உங்கம்மாதான் வரமுடியாது. அவ துணியாவது வரட்டுமே. வெள்ளையாக்கிட்டா போட்டுக்குவியா?”

மகள் கவுனைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். “ஆக்கிட்டா போட்டுக்கறேன்.”

அன்றே மைத்துனிக்கு ஆள் போயிற்று. மனைவியின் தங்கை, தையல்காரி. அந்தக் கவுனைத் தைத்தவளும் அவளே. கழுத்தில் அளவு நாடாவோடு வந்து, துணியை இரண்டு விரலால் நெருடிப் பார்த்தாள்.

“அத்தான், நல்லா கேட்டுக்குங்க. இது உங்க ஆஸ்பத்திரி விரிப்பு இல்ல. கொதிக்க வெச்சீங்கன்னா கஞ்சியாக் கரைஞ்சிடும், கிண்ணத்துல ஊத்திக் குடிச்சிட வேண்டியதுதான். வெதுவெதுப்பான தண்ணி. குழந்தைத் துணிக்குப் போடுற தூள். தேய்க்கக்கூடாது, முறுக்கக்கூடாது, ஈரத்தோட தோளைப் புடிச்சுத் தூக்கக்கூடாது.”

“எனக்கே துவைக்கச் சொல்லித் தர்றியா?”

“ஆமா. எங்கக்கா சேலை ஒண்ணையாவது வீட்ல நீங்க துவைச்சிருக்கீங்களா?”

அவர் எழுந்துபோய்க் குளியல் தொட்டியைத் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தார்.

கவுன் ஒன்பது நாள் குளியல் தொட்டியில் குடியிருந்தது. அப்பாவும் மகளும் சமையலறை மூலையில் வாளி வைத்துக் குளித்தார்கள். தண்ணீர் மாற்றும்போதெல்லாம், அசையமுடியாத நோயாளியை நர்ஸுகள் கட்டில் மாற்றுவது போல, அடியில் ஒரு விரிப்பைக் கொடுத்து ஆளுக்கொரு பக்கமாக அவரும் மைத்துனியும் கவுனைத் தூக்கினார்கள். “மெதுவா, மெதுவா, தலைப்பக்கம் பாத்து” என்று அவர் சொல்லும்போது மைத்துனிக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அக்காவைக் கடைசியாகத் தூக்கியதும் இப்படித்தான் என்பது நினைவுக்கு வர, வாயை மூடிக்கொண்டாள்.

தண்ணீர் முதலில் கடுந்தேநீராக இறங்கியது. நாளாக ஆகத் தெளிந்தது. பத்தாம் நாள் கவுன் வெள்ளையாகிவிட்டது, இடது தோளில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் நிழலைத் தவிர.

“இது என்ன கறை? முப்பத்தொரு வருஷத்துல நான் பாக்காத கறையா இருக்கே!”

“நல்லாப் பாருங்க. உங்க கறைதான்” என்றாள் மைத்துனி. “கல்யாணத்தன்னிக்குக் கார்ல அக்கா தோள்ல சாஞ்சு கொறட்டை விட்டுத் தூங்கினீங்களே. தலையில அரைப்படி எண்ணெய். நான் அலசித் தர்றேன்னு அக்காகிட்ட சொன்னேன். இருக்கட்டும்டின்னு சொல்லி அப்படியே மடிச்சு வெச்சுட்டா. மேல ஒரு பூவைக் குத்திட்டா தெரியாது. விட்டுடுங்க.”

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் கண் கலங்கியிருப்பார்கள். இவருக்கும் கலங்கியது. ஆனால் அது துறைரீதியான கலக்கம். ஊரார் ரத்தத்தையும் சீழையும் விரட்டியவர் வீட்டுக்குள்ளேயே, அவருடைய சொந்தக் கறை, முப்பது வருடமாக! இதை ஒரு பூவால் மூடுவதா?

மறுநாள் மதியம், மகள் வேலைக்குப் போயிருந்தாள், மைத்துனி தையல் கடையில் இருந்தாள். அவர் அடுப்பில் சட்டியை ஏற்றி, பிளீச்சிங் பவுடரை ஆஸ்பத்திரி அளவுக்குக் கரைத்து, முதல் இரண்டு கொதியையும் தாண்டி, கவுனின் தோளை மட்டும் நேரே அதில் இறக்கினார். மூன்றாம் கொதி. நிழல் போயே போய்விட்டது. ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். ஒன்றுமே இல்லை. அவர் வாழ்க்கையிலேயே மிகச் சுத்தமான வெற்றி அது. இஸ்திரி போட்டுத் தொங்கவிட்டு, வெகுநேரம் எதிரே உட்கார்ந்திருந்தார்.

சனிக்கிழமை மாலை மகள் அதைப் போட்டுக்கொண்டு உள்ளறையிலிருந்து வந்தாள். அவர் தன்னையறியாமல் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“அம்மா மாதிரியே இருக்கேனா சித்தி?”

“அப்படியே அவதான். எங்க, கையைத் தூக்கு. கக்கம் புடிக்குதான்னு பாக்கறேன்.”

மகள் கையைத் தூக்கினாள். கிழிகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. நனைந்த காகிதம்போல இடது தோள் தானாகப் பிரிந்து, லேஸோடு முழங்கை வரை இறங்கியது. மைத்துனி குனிந்து முகர்ந்து பார்த்தாள்.

“அத்தான்?”

“ஒரே ஒரு கொதிதான்…”

“தைச்சிடலாமா சித்தி?”

“கிழிசலைத் தைக்கலாம் கண்ணு. ஊசி ஏற துணி வேணுமே. தொட்ட இடமெல்லாம் மாவா உதிருது.”

யாராவது நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மகள் மெதுவாக அதைக் கழற்றி வந்து, கட்டில்மேல் பரப்பி வைத்தாள்.

“விடுங்கப்பா. வாடகைக் கடையில ஒண்ணு சொல்லி வெச்சிருக்கேன்.”

“எப்ப சொன்ன?”

“போன வாரமே. ஒருவேளை இது சரியா வரலைன்னா…”

அப்படியென்றால் அந்த ஒன்பது நாளும் வாளித் தண்ணீரில் குளித்தது அவருக்காகத்தான், கவுனுக்காக இல்லை என்று அவருக்குப் புரிய இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் கவுன் கட்டில்மேலேயே கிடந்தது. அவர் தரையில் படுத்துக்கொண்டார்.

வாடகைக் கவுன் புதன்கிழமை வந்தது. மகள் பையோடு அதை அவர் முன்னால் நீட்டினாள்.

“யார் யாரோ போட்டதுப்பா. நீங்க ஒரு தடவை அலசிக் குடுத்துடுங்களேன்.”

அவள் எதற்காகக் கேட்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“வேணாம்மா. கடையில நல்லாத்தான் வெளுத்திருப்பாங்க.”

அவள் தானே பையோடு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள்.

“பச்சத் தண்ணியே போதும்மா” என்றார் அவர், இருந்த இடத்திலிருந்தே. தண்ணீர் விழுகிற சத்தத்தில் அது அவளுக்குக் கேட்டிருக்காது.