சிவப்பு மூடி ஊசி

அன்று என் வீட்டுக்காரர் வயலிலிருந்து ஒரு காலில் மட்டும் செருப்போடு வந்தார். இன்னொன்று எங்கே என்று கேட்டேன். குனிந்து பார்த்தார். வரப்பில் எங்கோ கழன்றிருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. வைகாசி வெயிலில், தார் ரோட்டில், ஒரு கால் வெறுங்காலாக நடந்து வந்திருக்கிறார். சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவருக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. பூதலூர் பக்கம் குத்தகைக்கு நெல் போட்டுக்கொண்டிருந்தோம். ஊரில் பாதிப் பேர் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போய்விட்டார்கள். நாங்கள் போகவில்லை.

டாக்டரிடம் போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்தார். சர்க்கரை நானூறுக்கு மேல். பாதத்தில் நரம்பு கெட்டிருந்தது (சூடு, முள், வலி எதுவும் சரியாகத் தெரியாது). மாத்திரை போதாது, இன்சுலின் (சர்க்கரையைக் குறைக்கும் ஊசி மருந்து) போட வேண்டும் என்றார். காலையில் இருபது யூனிட் (இன்சுலினை அளக்கும் அளவு), சாயங்காலம் பத்து. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால்.

ஊசி போட மேரி வந்தாள். டாக்டரிடம் உதவியாளராக இருந்தவள். முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் குவைத்தில். இரண்டு வேளையும் மொபெட்டில் வருவாள். மருந்தும் ஊசியும் அவளே கொண்டுவருவாள்.

வந்ததும் கையைக் கழுவுவாள். பாட்டிலை எடுக்கும்போது ஒரு தடவை, மருந்தை இழுக்கும்போது ஒரு தடவை, திரும்ப வைக்கும்போது ஒரு தடவை, மேலே எழுதியிருப்பதைப் படிப்பாள். பாட்டிலைக் குலுக்க மாட்டாள். உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டுவாள். பிறகு பேர் கேட்பாள்.

"பேரு சொல்லுங்கண்ணே."

"நேத்து சொன்னேனே. அதுக்குள்ள மறந்துட்டியா?"

"தெனம் கேக்கணும். சொல்லுங்க."

"மகாராஜா."

"மகாராஜாவுக்கு இங்க மருந்து இல்ல. வேற வீடு பாருங்க."

இருவரும் சிரிப்பார்கள். என்னிடம் அவர் அப்படிப் பேசி எத்தனை வருடம் ஆயிற்று என்று அடுப்படியில் நின்று யோசிப்பேன். மூன்று தடவை படிப்பதை மினுக்கு என்று நினைத்தேன். அண்ணே என்று கூப்பிடுகிறவள் மேல் பொறாமைப்படக் கூடாது. பட்டேன்.

ஒருநாள் புல்லுக்கட்டோடு வந்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவருடைய கால் மேரியின் மடியில் இருந்தது. விரல் இடுக்கை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே புண். சீழ் வைத்திருந்தது.

"எத்தன நாளாண்ணே?"

"ஒரு மாசம் இருக்கும். வலி தெரியல, ராவுல மட்டும் எரியுது."

நான் கட்டை இறக்காமல் நின்றேன். அதே கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நான் படுக்கிறேன்.

அவள் போன பிறகு கேட்டேன். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ பயந்துக்குவ வசந்தா."

"அவ பயப்பட மாட்டாளா?"

"அவளுக்கு அது வேல."

நல்ல மனதோடுதான் சொன்னார். இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தியவளுக்குக் காட்டாத புண்ணை அவளுக்குக் காட்டியிருக்கிறார். அவள் கையில் ஸ்பிரிட் வாசனை. என் கையில் சாணி வாசனை. ஊரில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஊசி போடக் கற்றுக்கொடு என்று மேரியிடம் கேட்டேன். அவளுக்குச் சந்தோஷம். வாழைக்காயில் தண்ணீர் ஏற்றிப் பழகினேன். மருந்து எவ்வளவோ அவ்வளவு காற்றை முதலில் பாட்டிலுக்குள் தள்ள வேண்டும். குமிழி வந்தால் தட்டி வெளியேற்ற வேண்டும். போட்ட இடத்திலேயே மறுபடி போடக் கூடாது, அந்த இடம் கட்டிவிடும். எல்லாம் சொன்னாள். பத்து நாள் பக்கத்தில் நின்று பார்த்தாள். என் கை நடுங்கவில்லை. நாற்று முடிச்சு போட்ட கை.

அந்தச் சமயத்தில் என் அண்ணன் மகன் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தான். ஐஸ் போட்ட பிளாஸ்கில் ஆறு பாட்டில் இன்சுலின் கொண்டுவந்தான். "அத்த, மாமாவுக்கு அங்கத்து மருந்து. சுத்தமானது" என்றான்.

எனக்கு அது போதும். மறுநாள் மேரி வந்தபோது வாசலிலேயே சொன்னேன்.

"இனிமே நீ வரவேணாம். மருந்து வந்துடுச்சு. நானே போட்டுக்குறேன்."

"சரிக்கா. பாட்டில ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்."

"ஏன், எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சியா?"

அவள் முகம் சுருங்கியது. தன்னிடம் இருந்த சிவப்பு மூடி ஊசிகள் பத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். அவை அவள் எங்களுக்கு எப்போதும் போடுகிற ஊசிகள். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். இருபது என்றால் இருபது. பாட்டிலில் வேறு என்ன படிக்க இருக்கிறது என்று நினைத்தேன்.

முதல் ஊசி அன்று காலையே போட்டேன். இருபதாம் கோடு வரை சரியாக இழுத்தேன். அவர் மூன்று இட்லி சாப்பிட்டார். மாட்டைப் பிடித்துக்கொண்டு போனார்.

ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பினார். சட்டை தண்ணீரில் முக்கியதுபோல் வேர்வை. கை நடுங்கியது. குடித்தவர் மாதிரி தள்ளாடினார். கொல்லைச் சுவரைப் பிடித்து உட்கார்ந்தார். என்னங்க, என்னங்க என்றேன். என்னைப் பார்த்தார். கண் என் மேல் நிற்கவில்லை.

"மேரியக் கூப்புடு" என்றார்.

நான் போகவில்லை.

இந்த இடத்தை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். உடம்பு சரியில்லை என்று எனக்குத் தெரிந்தது. அவள் வந்தால் சரியாகும் என்றும் தெரிந்தது. நான் பக்கத்தில் நிற்கும்போது அவள் பேர்தானா வருகிறது என்று நின்றேன். கொஞ்ச நேரம்தான் இருக்கும். அரிசி களைகிற நேரம். அவ்வளவு நேரம் நின்றேன்.

அவர் பக்கவாட்டில் சாய்ந்தார். அப்புறம்தான் கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளில் ஓடினார். மேரி வந்தபோது நான் அவர் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"ஊத்தாதீங்கக்கா! நெனவு இல்ல. நெஞ்சுக்குள்ள போயிடும்!"

டம்ளரைத் தட்டிவிட்டாள். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். வாயைத் துடைத்தாள். காருக்கு ஆள் அனுப்பினாள். "அந்தப் பாட்டிலையும் ஊசியையும் எடுங்க" என்றாள்.

காரில் வைத்துப் படித்தாள். மூன்று தடவை படிக்கவில்லை. ஒரே தடவைதான்.

"அக்கா, நீங்க இழுத்த கோடு சரிதான். பாட்டில்தான் வேற."

நம் ஊர்க் கடையில் மேரி வாங்கிவந்த பாட்டிலில் ஒரு மில்லிக்கு நாற்பது யூனிட். சிவப்பு மூடி ஊசியின் கோடுகள் அதற்கு உரியவை. சிங்கப்பூர்ப் பாட்டிலில் ஒரு மில்லிக்கு நூறு. அதற்கு ஆரஞ்சு மூடி ஊசி. நூறு மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் இருபதாம் கோடு வரை இழுத்தால் உள்ளே போவது ஐம்பது. நான் ஐம்பது போட்டிருக்கிறேன். பாட்டிலில் நூறு என்று போட்டிருந்தது. அதை நான் பார்த்தும் இருந்தேன். உசத்தி மருந்து, அதனால் பெரிய நம்பர் என்று நினைத்தேன்.

டாக்டர் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் இவர் கண் திறந்தார். சர்க்கரை மறுபடி இறங்கும் என்று அன்று முழுக்க ஏற்றிக்கொண்டும் விரலில் குத்திப் பார்த்துக்கொண்டும் இருந்தார்கள்.

"யார் ஊசி போட்டது?" டாக்டர் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மேரி சொன்னாள். "நான் சொல்லிக்குடுத்தது பத்தல சார். மூடி வித்தியாசத்தச் சொல்லாம விட்டுட்டேன்."

அதற்கும் எனக்குப் பொறாமை வந்தது. என் தப்பைக்கூட அவளால் எடுத்துக்கொள்ள முடிகிறது.

கால் புண் ஆற ஐந்து மாதம் ஆயிற்று. சுண்டுவிரலை எடுத்தார்கள். மேரி தினமும் வந்து கட்டு மாற்றினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். மன்னிப்பு கேட்கவில்லை. ஒருநாள் காப்பியில் சர்க்கரை கொஞ்சம் கூடவே போட்டுக் கொடுத்தேன். "என்னக்கா, என்னையும் பேஷண்டாக்கப் பாக்குறீங்களா?" என்றாள். அவளும் நானும் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

பிறகு அவளும் குவைத்துக்குப் போய்விட்டாள். அங்கே ஆஸ்பத்திரியில் வேலை.

வீட்டில் ஊசி போடுகிறவர்களும், மேரி மாதிரி வேலைக்குப் படிக்கிறவர்களும் இதைப் படித்தால் ஒன்று சொல்வேன். பாட்டில் மாறினால் ஊசியும் மாறுகிறதா என்று கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து யார் கொண்டுவந்தாலும் டாக்டரிடம் காட்டாமல் திறக்காதீர்கள். சாப்பாடு தயாராக இல்லாமல் ஊசியை எடுக்காதீர்கள். வேர்த்து நடுங்கினால், நினைவு இருக்கும்போதே சர்க்கரை கொடுங்கள். நினைவு போய்விட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், தூக்கிக்கொண்டு ஓடுங்கள். கோபத்தோடும் பொறாமையோடும் ஊசியைத் தொடாதீர்கள். கை நடுங்காது. கண்தான் பார்க்காது.

அவருக்கு அந்தக் காலை வேளை நினைவில் இல்லை. இட்லி சாப்பிட்டது தெரியும். அடுத்தது ஆஸ்பத்திரி. நடுவில் ஒன்றுமில்லை. "என்ன நடந்துச்சு?" என்று எப்போதாவது கேட்பார். எல்லாம் சொல்வேன். அவர் கேட்ட பேரையும் நான் நின்றதையும் மட்டும் சொன்னதில்லை. இத்தனை வருடத்தில் எத்தனையோ நாள் போய்விட்டது. அந்த அரிசி களைகிற நேரம் மட்டும் போகவில்லை. அவர் உடம்பில் எங்கே ஊசி போட்டாலும் அது அங்கே இருப்பதுபோல் எனக்குத் தோன்றும்.

இதை எழுதி முடித்து நேற்று அவருக்குப் படித்துக் காட்டினேன். வாசலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"மேரிக்குத் தெரியுமா, நீ நின்னது?"

"தெரியாது."

"வேற யாருக்கும்?"

"இல்ல. உங்களுக்குத்தான்."

சாயங்கால ஊசிக்கு நேரமாகியிருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. அவரே எழுந்து போய்ப் பாட்டிலையும் ஊசியையும் எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.