நம்பர் அழிந்த வால்வுகள்

சிவகாசியில் வெம்பக்கோட்டை ரோட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறாள் செல்வலட்சுமி. வயது முப்பத்தொன்பது. பிறந்தது ஏழாயிரம்பண்ணை. பத்தொன்பது வயதிலிருந்து நான்கு வருஷம் அங்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் திரி வெட்டினாள். கல்யாணமாகி சிவகாசிக்கு வந்த பிறகு, காயில் சுற்ற வேகமான விரல்கள் வேண்டுமென்று ஒரு கடையில் கேட்டார்கள். போனாள். கடைக்காரர் கோயம்புத்தூருக்குக் குடிபெயர்ந்தபோது கடையை இவளே எடுத்துக்கொண்டாள்.

பட்டாசுக் கம்பெனியிலிருந்து அவள் கொண்டுவந்தது விரல் வேகம் மட்டுமல்ல, ஈரத்துணியும்தான். அங்கே தூசி என்பது வெறும் தூசியில்லை. ஜன்னல் விளிம்பில் படிந்திருப்பது மண்ணா வெடிமருந்தா என்று பார்த்தால் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, எதையும் உலர்ந்த துணியால் தேய்க்கக் கூடாது, நனைத்த துணியால்தான் துடைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கடைக்கு எந்த மோட்டார் வந்தாலும் முதலில் ஈரத்துணியால் ஒரு துடைப்பு, பிறகுதான் ஸ்பேனர். அப்படியே பழகிவிட்டது.

ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் ஆர்த்தி கடைக்கு வந்தாள். ஆர்த்தியின் குடும்பத்துக்கு சாட்சியாபுரம் பக்கம் ஆப்செட் அச்சகம் இருந்தது. பட்டாசுப் பெட்டிக்கு லேபிள், வருஷக் கடைசியில் காலண்டர். டிசைன் முழுக்க ஆர்த்தியின் பொறுப்பு. அச்சக மோட்டார்கள் இந்தக் கடைக்குத்தான் வரும் என்பதால் பழக்கம் உண்டு. அன்றைக்கு அவள் கொண்டுவந்தது மோட்டார் இல்லை. செல்போனில் ஒரு சர்க்யூட் படம்.

"இந்த மாதிரி ரெண்டு டிரான்ஸ்ஃபார்மர் சுத்தித் தருவீகளா?"

கல்லூரியில் படித்தபோது கிட்டார் வாசித்தவளாம். இருபத்தைந்து வருஷம் கழித்து மறுபடி எடுத்திருக்கிறாள். அதற்கு ஒரு ஆம்ப்ளிஃபயர், அதுவும் அறுபது எழுபது வருஷத்துக்கு முந்தைய மாடலில், பழைய ரேடியோவில் இருக்குமே அந்தக் கண்ணாடிக் குழல் வால்வு வைத்தது வேண்டும். படத்தில் மூன்று வால்வுகள் இருந்தன. மின்சாரத்தை ஒரே திசையில் திருப்ப ஒன்று, கிட்டாரிலிருந்து வரும் சின்னச் சத்தத்தை வளர்க்க ஒன்று, அதை ஸ்பீக்கருக்குத் தள்ளப் பெரிதாக ஒன்று.

"சுத்தித் தாரேன் மேடம். ஆனா இப்ப ஆம்ப்ளிஃபயர் ரெடிமேடாவே கெடைக்குதே."

"அதுல இந்தச் சத்தம் வராது."

"எந்தச் சத்தம் மேடம்?"

"எனக்குச் சொல்லத் தெரியல. கட்டி முடிச்சா ரெண்டு பேருக்குமே தெரிஞ்சுரும்."

அப்படி ஒரு ஆர்டரை செல்வலட்சுமி அதுவரை எடுத்ததில்லை. மோட்டாரின் நெற்றியில் ஒரு தகடு இருக்கும். எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், எத்தனை சுற்று என்று அதில் அடித்திருக்கும். கட்டி முடித்து மீட்டரை வைத்தால் அந்த எண் வர வேண்டும். வந்தால் வேலை முடிந்தது. இங்கே என்ன வந்தால் முடிந்தது?

குழப்பம் டிரான்ஸ்ஃபார்மரிலேயே தொடங்கிவிட்டது. ஸ்டெபிலைசருக்குத் தகடு அடுக்கும்போது ஒன்றை இந்தப் பக்கம், அடுத்ததை அந்தப் பக்கம் என்று இடைவெளியே இல்லாமல் பின்னி அடுக்குவாள். இடைவெளி விட்டால் அது மட்டமான வேலை. ஆனால் ஸ்பீக்கர் பக்கத்து டிரான்ஸ்ஃபார்மருக்கு எல்லாத் தகடுகளையும் ஒரே பக்கமாக அடுக்கி, நடுவில் ஒரு தாளைச் செருகும்படி படத்தில் போட்டிருந்தது. மூன்று முறை கேட்டாள். ஆர்த்தியும் மூன்று முறை படித்துப் பார்த்து, அப்படித்தான் போட்டிருக்கிறது என்றாள். தாள் மட்டும் அச்சகத்திலிருந்து நல்லதாக வந்தது.

டிரான்ஸ்ஃபார்மரோடு முடிய வேண்டிய வேலை முடியவில்லை. மற்றதை இணைக்க ஆர்த்திக்குத் தெரிந்தவர் யாருமில்லை. படம் இருக்கிறதே, ஈயம் வைக்கத் தெரியுமே என்று செல்வலட்சுமி ஒத்துக்கொண்டாள். மதியத்துக்கு மேல் கடையில் கூட்டமில்லாத நேரத்தில் அந்தப் பெட்டியோடு உட்காருவாள்.

ஒருநாள் பிளக்கைப் பிடுங்கி மேசைமேல் வைத்துவிட்டு, டீ குடித்து வந்து ஒரு ஒயரைத் தொட்டாள். கையைத் தூக்கி எறிந்தது. தோள்வரை மரத்துப்போய்ச் சுவரில் சாய்ந்து நின்றாள். தொழிலாளர்களைக் கம்பெனிக்கு ஏற்றிப் போகும் வேனை ஓட்டும் அவள் கணவன் சிவபாண்டி, சாப்பாட்டுத் தூக்கோடு அப்போதுதான் உள்ளே வந்தான்.

"ஏ செல்வி, பிளக்கப் புடுங்கலயா?"

"இந்தா கெடக்கு பாருங்க."

"பெறகு எங்கன இருந்து வந்துச்சு கரண்டு?"

கண்டன்சரில் தேங்கி நின்றிருக்கிறது. அவளுக்குத் தெரியாத விஷயமில்லை. மோட்டார் கண்டன்சரும் அடிக்கும்தான். ஆனால் ஒருவர் டீ குடித்துவிட்டு வரும்வரை காத்திருந்து அடித்ததில்லை. மறுநாள் அதன் குறுக்கே ஒரு ரெசிஸ்டரை வைத்து, அணைத்த கொஞ்ச நேரத்தில் மின்சாரம் தானாக வடியும்படி செய்தாள். அதன்பிறகும் மீட்டரை வைத்துப் பார்க்காமல் உள்ளே விரல் விடவில்லை.

செப்டம்பர் கடைசியில் பெட்டி தயார். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த மூன்று வால்வுகளில் பெரியவை இரண்டும் நன்றாக வந்து சேர்ந்தன. சத்தத்தை வளர்க்கும் சின்ன வால்வு மட்டும் வழியில் கீறல் விட்டு வந்தது. உச்சியில் வெள்ளி பூசினாற்போல் இருக்க வேண்டிய இடம் சாம்பல் மாதிரி வெளுத்திருந்தது. உள்ளே காற்றுப் புகுந்துவிட்டால் அப்படி ஆகுமாம். வேறு வர ஒரு மாதமாகும் என்றார்கள். ஆயுத பூஜைக்குப் பத்து நாள்தான் இருந்தது. அன்றைக்கு அச்சகத்தில் வாசிக்க வேண்டும் என்று ஆர்த்தி மனதுக்குள் முடிவு செய்திருந்தாள்.

மதுரையில் பழைய ரேடியோ சாமான் விற்கும் ஒருவரைப் பிடித்தாள். படத்தில் கேட்டிருந்தது ஈசிசி எண்பத்து மூன்று. அதற்குப் பதிலாக அதே சாக்கெட்டில் எண்பத்து இரண்டு, எண்பத்து ஒன்று ஆகியவற்றையும் போடலாம், சத்தம்தான் கூடக்குறைய இருக்கும் என்று அவர் சொன்னார். ரஷ்ய வால்வு ஒன்றும் இருக்கிறது என்றார். "எல்லாத்துலயும் ஒண்ணு போட்டு விடுங்க," என்று போனில் சொல்லிவிட்டு, பார்சலைச் செல்வலட்சுமியின் கடைக்கே அனுப்பச் சொன்னாள்.

பார்சலில் நான்கு வால்வுகள், ஒவ்வொன்றும் செய்தித்தாளில் சுற்றியிருந்தன. தாளின்மேல் பென்சிலால் எண் எழுதியிருந்தது. கண்ணாடியிலும் வெள்ளை மையில் எண் இருந்தது. எத்தனை வருஷத்துத் தூசியோ, கண்ணாடியே மங்கிக் கிடந்தது. செல்வலட்சுமி தாள்களைக் கசக்கிக் குப்பையில் போட்டாள். ஈரத்துணியை எடுத்து நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாகத் துடைத்து வரிசையாக நிறுத்தினாள். பளிச்சென்று இருந்தன. அப்புறம்தான் பார்த்தாள். துணியில் வெள்ளையாக என்னவோ ஒட்டியிருந்தது. கண்ணாடியில் எழுத்தே இல்லை.

குப்பைக்கு ஓடினாள். காலையிலேயே வண்டி வந்து எடுத்துப் போகும் குப்பை, அன்றைக்கு நேரம் தாழ்ந்து அப்போதுதான் போயிருந்தது.

நான்கு வால்வுகளும் அண்ணன் தம்பி போல நின்றன. ஒரே உயரம், ஒரே சுற்றளவு, கீழே ஒன்பது கால்கள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றில் தகடு கொஞ்சம் கறுப்பாகத் தெரிந்தது. அதனால் அது எண்பத்து மூன்றா, இரண்டா? தன் கையாலேயே செய்த காரியம் என்பதுதான் அவளால் தாங்க முடியவில்லை. ஆர்த்திக்குப் போன் போட்டாள்.

"மேடம், ஒரு தப்பு நடந்துபோச்சு. வால்வத் தொடச்சுட்டேன்."

"தொடச்சா நல்லதுதானே?"

"நம்பரும் சேந்து போயிருச்சு மேடம்."

கோபப்படுவாள் என்று செல்வலட்சுமி நினைத்தாள். ஆர்த்தி, "நான் வாரேன், இருங்க," என்று மட்டும் சொன்னாள்.

ஆர்த்தி வருவதற்குள் செல்வலட்சுமி முதல் வால்வைச் செருகிப் போட்டுப் பார்த்தாள். அது எரியவேயில்லை. நல்ல வால்வு என்றால் உள்ளே இழை செக்கச் சிவக்க வேண்டும். கழற்றி மீட்டரை வைத்தாள். இழை அறுபடவில்லை, நான்காம் காலுக்கும் ஐந்தாம் காலுக்கும் தொடர்பு இருந்தது. மறுபடி செருகினாள். இருட்டு. உயிரும் இருக்கிறது, எரியவும் மாட்டேன் என்கிறது. ஆர்த்தி வந்து செல்போனில் கால் வரிசையைத் தேடிப் பார்த்த பிறகுதான் விளங்கியது. அதுதான் ரஷ்ய வால்வு. மற்றவற்றில் ஒன்பதாம் காலுக்கும் இழையில் பங்குண்டு, இதில் கிடையாது. சாக்கெட்டின் ஒயரை மாற்றினால்தான் எரியும்.

"அப்ப ஒண்ணு தெரிஞ்சுபோச்சு," என்றாள் ஆர்த்தி. அதை ஒதுக்கி வைத்தார்கள்.

மீதி மூன்றுக்கும் இழை ஒரே மாதிரி. மீட்டருக்கு மூன்றும் ஒன்றுதான். வாசித்துக் காதால் கேட்டுத்தான் பிரிக்க வேண்டும். ஆர்த்தி கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

அந்த மூன்றில் முதலாவதைப் போட்டதுமே சத்தம் கடையை நிறைத்தது. வால்யூம் திருகைப் பாதிக்குமேல் திருப்பியபோது சத்தம் உடைந்து உறுமத் தொடங்கியது. செல்வலட்சுமி பதறிப்போய் சுவிட்சுக்குக் கையை நீட்டினாள்.

"அணைக்காதீங்க. அதுதான் வேணும்."

"கரகரன்னுல கேக்குது மேடம்."

"ஆமா."

"அது ரிப்பேரு இல்லையா?"

"மத்ததுல ரிப்பேரு. இதுல அதுக்குத்தான் இம்புட்டுப் பாடு."

செல்வலட்சுமி கையை எடுத்துக்கொண்டாள். கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரும் மைக்செட்காரர்கள் இந்தக் கரகரப்பைப் போக்கத்தான் நாளெல்லாம் திருகைத் திருப்பிக்கொண்டிருப்பார்கள். இந்தம்மா இதைக் கட்டச் சொல்லி வந்திருக்கிறாள். அப்படியானால் தான் செய்தது நல்ல வேலையா, கெட்ட வேலையா? தகட்டுக்கு நடுவே தாள் செருகியதிலிருந்தே எல்லாம் தலைகீழாகத்தான் இருக்கிறது என்று தோன்றியது.

இரண்டாவது வால்வு அவ்வளவு உறுமவில்லை, ஆனால் கூர்மையாகக் காதைக் குத்தியது. மூன்றாவது தணிந்து ஒலித்தது. மெல்ல மீட்டினால் தெளிவு. அழுத்தி அடித்தால் மட்டும் லேசாகக் கம்மியது, அழுது முடித்தவள் பேசுவது மாதிரி. ஆர்த்தி அதைக் கழற்றச் சொல்லவே இல்லை. இருபது நிமிஷம் வாசித்தாள். செல்வலட்சுமி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், 'சரி' என்ற ஒரு சொல்லுக்காக.

"இது எண்பத்து ரெண்டாத்தான் இருக்கும்," என்றாள் ஆர்த்தி. "படத்துல கேட்ட வால்வு முதல்ல உறுமுனது. ஆனா எனக்கு இதுதான் புடிச்சிருக்கு."

"கேட்டது இதில்லையே மேடம்."

"இல்லதான்."

ஆர்த்திக்கு அது சரியாகப் போய்விட்டது. செல்வலட்சுமிக்குத்தான் கணக்கு உதைத்தது. கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று, பிடித்தது வேறொன்று.

ஆயுத பூஜையன்று அச்சகத்து மெஷின்களுக்கெல்லாம் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். கழுவித் துடைத்த உருளைகளில் மாலை தொங்கியது. யாரோ ஆம்ப்ளிஃபயருக்கும் ஒரு பொட்டு வைத்திருந்தார்கள். பொரியும் சுண்டலும் கொடுத்து முடித்த பிறகு ஆர்த்தி வாசித்தாள். முதலில் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். அவள் அழுத்தி வாசித்த இடத்தில், அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர் சுவரோரம் நின்ற செல்வலட்சுமியிடம் குனிந்தார்.

"நீங்க கட்டுனதா? ஸ்பீக்கரு கிளிஞ்சிருக்கு போலருக்கே."

"கிளியலண்ணே. அது அப்படித்தான்."

சொன்ன பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பத்து நாளுக்கு முன் தானே சொன்னதைத்தான் அவர் சொல்கிறார். "அப்படித்தான்னா எதுக்கு அப்படி?" என்று அவர் கேட்டார். பொரியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். முகம் சூடாகியது. வெட்கமா பெருமையா என்று பிரித்தறிய முடியவில்லை.

தீபாவளி முடிந்து ஊர் அடங்கியிருந்த வாரத்தில் ஆர்த்தி கடைக்கு வந்தாள். கையில் ஒரு புது அட்டைப்பெட்டி. கீறல் விட்டதற்குப் பதிலாக வெளிநாட்டிலிருந்து வந்த வால்வு.

"மதுரைக்காரர்ட்ட பேசுனேன். இன்னொரு எண்பத்து ரெண்டு வேணும், கைவசம் இருக்கட்டும்னு கேட்டேன். அவரு சிரிக்காரு. எண்பத்து ரெண்டே அவர்ட்ட இல்லையாம். அதுக்குப் பதிலா எண்பத்து மூணாவே ரெண்டு போட்டாராம். ஒண்ணு புதுசு, ஒண்ணு ஓடித் தேஞ்சது."

செல்வலட்சுமி அதை மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். "அப்ப நமக்குப் புடிச்சது..."

"தேஞ்சது."

"படத்துல கேட்டதே அதுதான், ஆனா தேஞ்சது."

"ஆமா."

புது வால்வைச் செருகினார்கள். வாசிக்காமல் இருக்கும்போது இரைச்சல் இல்லை. மீட்டரில் எல்லா எண்ணும் படத்தில் சொன்னபடி வந்தது. ஆர்த்தி வாசித்தாள். பிறகு பழையதை மாற்றி, அதே பாட்டை வாசித்தாள். கிட்டாரை மடியில் சாய்த்துக்கொண்டு, "நீங்க சொல்லுங்க. எத வைக்க?" என்று கேட்டாள்.

செல்வலட்சுமியிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. மோட்டார் கொண்டுவருகிறவர்கள் ஓடுமா ஓடாதா என்றுதான் கேட்பார்கள். மீட்டரைப் பார்த்தாள். அது புதியதன் பக்கம் இருந்தது.

"பழசு," என்றாள்.

"ஏன்?"

"தெரியல மேடம். அது தேஞ்சு தேஞ்சு ஒருநாள் முழுசாப் போயிரும். அதே மாதிரி இன்னொண்ணு வாங்கவும் முடியாது. எல்லாந் தெரிஞ்சுதான் சொல்றேன்."

ஆர்த்தி புது வால்வைத் திரும்ப அட்டைப்பெட்டியில் வைத்து மூடினாள். இருவரும் டீ சொன்னார்கள்.

மாலையில் சிவபாண்டி வேனைக் கடை முன்னால் நிறுத்தி அவளை ஏற்றிக்கொண்டான். தீபாவளிக்கு மூடிய பட்டாசுக் கம்பெனிகள் இன்னும் திறக்காததால் பின்சீட்டெல்லாம் காலி.

"அந்தப் பொட்டி ஒரு வழியாச் சரியாயிருச்சா?"

"ஆயிருச்சுன்னுதான் நெனைக்கேன்."

"நெனைக்கேன்னா? ஒண்ணு ஆயிருக்கணும், இல்லன்னா ஆகலன்னு சொல்லணும்."

அவன் சொல்வது நியாயம்தான். அந்தப் பெட்டியைக் கட்டும்வரை அவளும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

"மெதுவாப் போங்க, யோசிச்சுச் சொல்றேன்," என்றாள்.